இசட் டிரைவ் எங்கே இருக்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு மலையைப் பார்த்துப் போகிற பக்கம், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு சேலை டிசைன் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடை கற்பனை, உள்ளே இருக்கும் சாமான்கள் ஒவ்வொன்றும் நிஜம். இளம்பிள்ளையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி வைத்திருப்பவர்கள் முந்தானைக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று என்று டிசைன் கேட்டு வருகிறார்கள். இரண்டு விண்டோஸ் கணினிகளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். அந்தக் கட்டத்தில் நிறம் இருந்தால் தறியின் ஜக்கார்டு கருவி பாவைத் தூக்கும், இல்லாவிட்டால் விடும். ஒரு கட்டம் பிசகினாலும் நெய்த துணியில் அது தெரிந்துவிடும் என்பதால் ஃபைல் பழுதாகாமல் இருப்பது இந்தத் தொழிலில் சின்ன விஷயமல்ல.

வரைந்து முடித்ததெல்லாம் கடை மூலையில் இருக்கும் ஒரு பழைய மடிக்கணினிக்குள் போகிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடியாகக் கொண்ட அந்த லினக்ஸைப் பெரும்பாலான பிள்ளைகள் ஒருமுறை திறந்து பார்த்ததோடு சரி. நம் கடையில் கதை வேறு. பேட்டரி செத்து, திரை மங்கிப்போன பிறகு அந்த மடிக்கணினிக்குக் கிடைத்த வேலை சர்வர் வேலை. லினக்ஸ் மட்டும் ஓடுகிறது. ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) வழியாகப் பகிர்கிறது. டிசைனரின் விண்டோஸ் திரையில் அந்த ஃபோல்டர் 'இசட்' டிரைவாகத் தெரிகிறது.

அவர் இசட் டிரைவைத் திறந்து மயில் முந்தானையை இரண்டு முறை கிளிக் செய்கிறார், படம் வருகிறது. சி டிரைவில் இருப்பதற்கும் இதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதுதான் என்எஃப்எஸ் பிறந்ததன் நோக்கமே.

அது பிறந்த இடம் கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். டெல்லி ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன வினோத் கோஸ்லாவும் இன்னும் மூவரும் 1982-ல் நிறுவிய கம்பெனி. சன் விற்ற வொர்க்ஸ்டேஷன்களில் சில, ஹார்டு டிஸ்க் இல்லாமலே வந்தன. டிஸ்க்கின் விலை அப்போது அப்படி. பத்து இயந்திரங்கள் ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், எந்த மென்பொருளையும் அதற்காக மாற்றி எழுதக்கூடாது. 1984-ல் தொடங்கிய வேலை 1985-ல் வெளியே வந்தது. ரஸல் சாண்ட்பெர்க், பாப் லயன், ஸ்டீவ் கிளைமன் முதலியோர் சேர்ந்து செய்த அந்த வடிவமைப்பில் துணிச்சலான முடிவு ஒன்று உண்டு: சர்வர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

யார் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார்கள், எதுவரை படித்திருக்கிறார்கள் என்ற கணக்கு எதுவும் சர்வரிடம் இல்லை. ஃபைலைத் தேடும்போது சர்வர் ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. ஃபைல் ஹேண்டில் என்று பெயர். என்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் சரியாக 32 பைட், 1995-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 64 பைட் வரை. அதற்குள் எந்த டிஸ்க், டிஸ்க்கில் எத்தனையாவது ஃபைல், அந்த இடத்துக்கு எத்தனையாவது முறையாகக் குடிவந்த ஃபைல் என்பதெல்லாம் இருக்கும். அதன் பிறகு கிளையன்ட், அதாவது ஃபைலைக் கேட்கிற கணினி, அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் முழுக்கேள்வி: 'இந்த எண்ணுள்ள ஃபைலில், 40960-ஆவது பைட்டிலிருந்து, இத்தனை பைட் கொடு.' முன்னால் என்ன கேட்டோம் என்பதை நம்பி எதுவும் கேட்பதில்லை. அதே கேள்வியை இரண்டு முறை கேட்டால் அதே பதில்தான்.

இதன் அருமை கரண்ட் போகும்போது தெரியும். 2012 வாக்கில் சேலம் மாவட்டம் பட்ட மின்வெட்டுப் பாட்டை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் மாதம் ஒருநாள் ஷட்டவுன் உண்டு. டிசைனரின் கணினிக்கு யுபிஎஸ் இருக்கிறது, மூலையில் இருக்கும் மடிக்கணினிக்குப் பேட்டரி இல்லை. அவர் பாதி வேலையில் இருக்கும்போது சர்வர் அணைகிறது. கரண்ட் வந்து, லினக்ஸ் மறுபடி எழுந்து, ஃபோல்டரைப் பகிரத் தொடங்கியதும் கிளையன்ட் தன் கேள்வியைத் திரும்ப அனுப்புகிறது. புதிதாக அறிமுகம் எதுவும் வேண்டாம். பழைய எண்ணே செல்லும், விட்ட இடத்திலிருந்து வேலை நடக்கும். சர்வர் செத்துப் பிழைத்தது கிளையன்டுக்கு வெறும் தாமதமாக மட்டுமே தோன்றும்.

படிக்கிற விஷயம் சரி. எழுதுவது? டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும் என்றது இரண்டாம் பதிப்பு. அது பத்திரம்தான், வேகமில்லை. மூன்றாம் பதிப்பு ஒரு நல்ல தந்திரம் செய்தது. சர்வர் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 'கிடைத்தது' என்று மட்டும் சொல்லலாம். கூடவே 8 பைட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தர வேண்டும். சர்வர் அணைந்து எழுந்தால் அந்த எண் மாறிவிடும். கிளையன்ட் எல்லாம் அனுப்பி முடித்து 'இப்போது டிஸ்க்கில் இறக்கு' என்று கேட்கும்போது வருகிற எண்ணும் முன்பு வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. வேறாக இருந்தால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது என்று பொருள். கிளையன்ட் தன் கையில் வைத்திருந்த தரவை முதலிலிருந்து அனுப்பும். இதை முதலில் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது: சர்வர் தன் மரணத்தைப் பற்றி எதையும் குறித்து வைக்கவில்லை, மாறிப்போன ஓர் எண்ணே சேதி சொல்லிவிடுகிறது. ஆனால் எதை யாருக்குப் பகிர்வது என்று லினக்ஸ் சர்வரில் எழுதி வைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் 'சிங்க்' என்று இருக்கும் வரைதான் இதெல்லாம். வேகம் கூடும் என்று யாராவது அதை 'அசிங்க்' ஆக்கினால் சர்வர் பொய் சொல்லத் தொடங்கும். டிஸ்க்கில் இறங்காததையும் இறங்கியது என்று சொல்லும். பேட்டரி செத்த மடிக்கணினியில் அதைச் செய்யவே கூடாது.

இனி விண்டோஸ் பக்கம். யூனிக்ஸ் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பிறந்த இந்த மொழியை விண்டோஸும் பேசும், ஆனால் கேட்டால்தான். கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ், அங்கே விண்டோஸ் ஃபீச்சர்களைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள பட்டியல், அதில் 'சர்வீசஸ் ஃபார் என்எஃப்எஸ்'. அதன் கீழே கிளையன்ட் என்றும் நிர்வாகக் கருவிகள் என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் டிக் செய்ய வேண்டும். பட்டியலில் அந்தப் பெயரே இல்லையென்றால் கணினியில் இருப்பது ஹோம் பதிப்பு. தேடிப் பயனில்லை, அதில் கிடையாது. விண்டோஸ் 7 காலத்தில் எண்டர்பிரைஸ், அல்டிமேட் இரண்டில் மட்டுமே இருந்தது. இப்போது புரோ பதிப்பிலும் வருகிறது.

பிறகு கருப்புத் திரையில் ஒரே வரி: மவுண்ட் என்ற கட்டளை, சர்வரின் ஐபி எண் (192.168.1.10 என்பது போல), பகிர்ந்த ஃபோல்டரின் பாதை, கடைசியில் இசட்டும் முக்காற்புள்ளியும். இந்த இடத்தில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் கருப்புத் திரையை 'அட்மினிஸ்ட்ரேட்டராக' திறந்து கட்டளையை அடிப்பார்கள். வெற்றி என்று சொல்லும். எக்ஸ்புளோரரைத் திறந்தால் இசட் இருக்காது. காரணம், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த திரையும் சாதாரணத் திரையும் விண்டோஸுக்கு இரண்டு தனித்தனி உள்நுழைவுகள். ஒன்றில் போட்ட டிரைவ் எழுத்து மற்றதற்குத் தெரியாது. சாதாரணமாகத் திறந்து அடித்தால் போதும்.

டிரைவ் வந்த பிறகு மவுண்ட் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். சில வரிகள் வரும். யுஐடி கழித்தல் 2, ஜிஐடி கழித்தல் 2. மவுண்ட் 'சாஃப்ட்', டைம்அவுட் 0.8. லாக்கிங் 'யெஸ்'. லாங் 'ஆன்சி'. கேஸ்சென்சிட்டிவ் 'நோ'. செக் 'சிஸ்'. அமைப்பதில் வரும் தலைவலி பெரும்பாலும் இந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது.

கடைசியில் உள்ள 'சிஸ்' என்பதிலிருந்து தொடங்குவோம். இந்த முறையில் என்எஃப்எஸ் பாஸ்வேர்டு கேட்காது. ஒவ்வொரு கோரிக்கையோடும் கிளையன்ட் இரண்டு எண்களை அனுப்பும்: நான் இன்ன நம்பர் ஆள், இன்ன நம்பர் குழு. சர்வர் அப்படியே நம்பும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்டு, சொன்னதை ஏற்றுக்கொண்டு இலை போடுவது மாதிரி. ஒரே கட்டடத்துக்குள், ஒரே நிர்வாகியின் கையில் எல்லா இயந்திரங்களும் இருந்த 1980களின் பல்கலைக்கழகத்தில் இது போதுமானதாக இருந்தது. கூடுதல் காவல் ஒன்றும் உண்டு: கோரிக்கை 1024-க்குக் கீழான போர்ட் எண்ணிலிருந்து வர வேண்டும். யூனிக்ஸில் நிர்வாகியான ரூட் மட்டுமே அந்த எண்களைத் தொட முடியும் என்பதால் அது பெரிய மனிதர் கையெழுத்து மாதிரி மதிக்கப்பட்டது. விண்டோஸில் அப்படி ஒரு கட்டுப்பாடே கிடையாது.

விண்டோஸ்காரருக்கு யூனிக்ஸ் எண்ணும் கிடையாது. டாஸ் காலத்திலேயே வந்த சிக்கல் இது. சன் 1980களில் டாஸ் கணினிகளுக்கு பிசி-என்எஃப்எஸ் கொண்டுவந்தபோது, பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு எண்ணைத் தருவதற்கென்றே சர்வர் பக்கம் ஒரு தனி புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. இன்றைய விண்டோஸ், வேறு ஏற்பாடு இல்லாதபோது, கழித்தல் 2 என்று அனுப்புகிறது. 'நான் யாருமில்லை' என்பதன் பழைய யூனிக்ஸ் வழக்கு அது. 32 பிட்டில் குறியில்லாமல் படித்தால் கழித்தல் 2 என்பது 4294967294. அதனால்தான் விண்டோஸ் வழியாக உருவான ஃபைல்களை நம் மடிக்கணினியில் பட்டியலிட்டால், உரிமையாளர் என்ற இடத்தில் ஆள் பெயர் இல்லாமல் 4294967294 என்று ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர் அதற்குச் சொந்தமில்லை என்பதால் பெரும்பாலும் ஃபைல் உருவாவதே நடக்காது. டிரைவ் திறக்கும், படம் தெரியும், சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும். டிசைனர் விண்டோஸில் வலது கிளிக் செய்து பாதுகாப்பு அனுமதிகளை மாற்றிப் பார்ப்பார். எந்தப் பயனும் இருக்காது, ஏனென்றால் மறுப்பது விண்டோஸ் அல்ல.

தீர்வு சுலபம். டெபியன் வகை லினக்ஸ்களில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், கிளையன்ட் ஃபார் என்எஃப்எஸ், கரண்ட் வெர்ஷன், டிஃபால்ட் என்று உள்ளே போய், அனானிமஸ்யுஐடி, அனானிமஸ்ஜிஐடி என இரண்டு டிவேர்டு மதிப்புகளை உருவாக்கி இரண்டிலும் 1000 என்று எழுத வேண்டும். தசம எண்ணாக. ரெஜிஸ்ட்ரி முதலில் பதினாறடிமான எண்ணைத்தான் எதிர்பார்க்கும். அதைக் கவனிக்காமல் 1000 என்று அடித்தால் 4096 ஆகிவிடும், மறுபடி பூதம். கணினியை அணைத்துப் போட்டால் கழித்தல் 2 இருந்த இடத்தில் 1000 வரும், ஃபைல் சேமிக்கும். ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பயமாக இருந்தால் சர்வர் பக்கமே 'யார் எந்த எண்ணோடு வந்தாலும் 1000 ஆகவே எடுத்துக்கொள்' என்று எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் எழுதலாம். சின்னக் கடைக்கு எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். கணினி மாறினாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒரு மதிப்பை மாற்றினோம், ஆளே மாறிவிட்டார். அதையே நம் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த பக்கத்துக் கடைக்காரரும் செய்யலாம். டிசைன் திருட்டு சகஜமான தொழிலில் இது யோசிக்க வேண்டிய விஷயம். குறைந்தபட்சம் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் இந்த இரண்டு கணினிகளின் ஐபிக்கு மட்டும் என்று எழுதி, கேபிளில் இணைப்பது நல்லது.

அடுத்தது 'சாஃப்ட்'. பதில் வராவிட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு கைவிட்டு, பிழை என்று மென்பொருளிடம் சொல்லிவிடும் முறை. கரண்ட் போனாலும் சமாளிக்கும் என்று மேலே இவ்வளவு சொன்னேனே, அந்தப் பொறுமையை விண்டோஸ் கிளையன்ட் தானாகக் காட்டாது. மவுண்ட் செய்யும்போது 'ஹார்டு' என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் சர்வர் எழும் வரை காத்திருக்கும். கூடவே எக்ஸ்புளோரரும் உறைந்து நிற்கும், டிசைனர் பொறுமை இழந்து கணினியையே அணைத்துவிடுவார். மடிக்கணினிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குவதே மேல்.

இவ்வளவு பாடு எதற்கு, விண்டோஸின் சொந்த மொழியான எஸ்எம்பியை லினக்ஸுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாமே என்று கேட்டால், நியாயமான கேள்வி. கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1990களின் தொடக்கத்தில், கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைக் கவனித்தே அந்த மொழியைக் கற்று எழுதிய சம்பா இன்று எல்லா லினக்ஸிலும் கிடைக்கிறது. அது பாஸ்வேர்டு கேட்கும், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கும். கடையில் எல்லாமே விண்டோஸ் என்றால் சம்பாவே போதும், என்எஃப்எஸ் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். லினக்ஸ் கணினிகள் பலவும் ஓரிரண்டு விண்டோஸும் உள்ள கல்லூரி ஆய்வகங்களில், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் என்எஃப்எஸ்ஸில் விண்டோஸும் சேர்ந்துகொள்வதற்குத்தான் இந்தக் கிளையன்டில் அர்த்தம் இருக்கிறது.

சம்பாவின் பக்கம் சாய இன்னொரு காரணம் உண்டு, அது நமக்கே நமக்கானது. மவுண்ட் காட்டிய பட்டியலில் இன்னொரு வரி: லாங் 'ஆன்சி'.

மடிக்கணினியில் உட்கார்ந்து ஒரு ஃபைலுக்கு 'மயில்' என்று தமிழில் பெயர் வையுங்கள். இசட் டிரைவில் அதைப் பார்த்தால் மயிலைக் காணோம். தலையில் சாய்கோடு ஏந்திய ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அந்த 'ஏ', நடுவில் ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி, எங்கேயோ மேலே ஏறிய சின்ன 2. இணையத்தில் பழைய தமிழ்ப் பக்கங்களைத் திறந்தவர்கள் இந்தக் கோலத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

லினக்ஸ் அந்தப் பெயரை யுடிஎஃப்-8 முறையில் எழுதியிருக்கிறது. யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ம என்பது 224, 174, 174. ய என்பது 224, 174, 175. இகரக் கொக்கி 224, 174, 191. ல 224, 174, 178. புள்ளி 224, 175, 141. ஆக ஐந்து குறிகள், பதினைந்து பைட். என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு இந்தப் பதினைந்தையும் எந்த விளக்கமும் இல்லாமல் கம்பியில் அனுப்புகிறது. இவை எந்த முறையில் எழுதிய எழுத்துகள் என்று சொல்ல அந்த மொழியில் இடமே இல்லை. விண்டோஸ் கிளையன்டோ தன் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை விரித்துப் பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படிக்கிறது. 224 என்றால் சாய்கோடு ஏந்திய 'ஏ', 174 என்றால் வட்டத்துக்குள் 'ஆர்'. புள்ளியின் கடைசி பைட்டான 141-க்கு அந்த அட்டவணையில் எழுத்தே கிடையாது, காலியிடம். விண்டோஸ் பக்கத்திலிருந்து தமிழில் பெயர் வைக்கப் பார்த்தாலும் அதே கதைதான். அட்டவணையில் தமிழ் இல்லை.

மவுண்ட் கட்டளையில் மொழியை மாற்றும் வசதி இருக்கிறதே என்று போனால், ஜப்பானியம், கொரியம், சீனம் ஆகியவற்றின் பழைய முறைகள் வரிசையாக இருக்கின்றன. யுடிஎஃப்-8 இல்லை. 2000-ல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு, பெயர்கள் யுடிஎஃப்-8-ல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. விண்டோஸ் கிளையன்ட் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளோடு நின்றுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், மைக்ரோசாஃப்டின் சர்வர் பக்கத்து மென்பொருள் 2012-லேயே 4.1 பேசக் கற்றுக்கொண்டது.

ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-லும் 11-லும் ரீஜன் அமைப்புகளுக்குள், சிஸ்டம் லொகேலை மாற்றும் இடத்தில், 'பீட்டா' என்ற அடைமொழியோடு உலக மொழிகளுக்கு யுடிஎஃப்-8 என்ற ஒரு கட்டம் உள்ளது. அதை டிக் செய்தால் கணினியின் அடிப்படை அட்டவணையே யுடிஎஃப்-8 ஆகிவிடும். இசட் டிரைவில் மயில் மயிலாக வரும். ஆனால் இது என்எஃப்எஸ்ஸுக்கு மட்டுமான மாற்றமல்ல, மொத்தக் கணினிக்கும். சேலத்துப் பிரஸ்களிலும் டிசைன் கடைகளிலும் இன்னும் பாமினியும் வானவில்லும் சன்டாமியும் ஓடுகின்றன. இந்தப் பழைய எழுத்துருக்கள் ஐரோப்பிய எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அவற்றை நம்பி எழுதிய பழைய மென்பொருள்களில் சில, அட்டவணை மாறியதும் உளறத் தொடங்கும். ஃபைல் பெயர் தமிழில் தெரிகிறது, சேலை டப்பாவில் அச்சடிக்கும் லேபிள் தெரியவில்லை என்றால் யாருக்கு லாபம்? பழைய மென்பொருள் இல்லாத கணினியில் தாராளமாக டிக் செய்யலாம். இருந்தால் ஒரு கணினியில் மட்டும் செய்து, எல்லா மென்பொருளையும் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

லினக்ஸ் டிஸ்க்கில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழுக்கு 85 குறி, அதிலும் கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. வாடிக்கையாளர் பெயர், ஊர், சேலை வகை, தேதி என்று நீட்டிப் பெயர் வைக்கும் கடையில் 85 சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அதனால் நடைமுறையில் நம் டிசைனர் எல்லாரையும் போல ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்கிறார்: மயில் முந்தானை, அப்புறம் மயில் முந்தானை ஃபைனல், அப்புறம் ஃபைனல் ஃபைனல். இதிலும் கடைசியாக ஒரு சிக்கல், அந்தக் 'கேஸ்சென்சிட்டிவ் நோ' வரியில். பெரிய எழுத்து எஃப் போட்ட ஃபைனலும் சின்ன எழுத்து எஃப் போட்ட ஃபைனலும் லினக்ஸுக்கு இரண்டு வேறு ஃபைல்கள், ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். விண்டோஸுக்கு அவை ஒரே பெயர். இரண்டும் இருக்கும் ஃபோல்டரை இசட் வழியாகத் திறந்து ஒன்றைக் கிளிக் செய்தால், தறிக்குப் போக வேண்டியதுதான் வந்தது என்று நம்பிவிட முடியாது. மடிக்கணினியில் யார் பெயர் வைத்தாலும் சின்ன எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று அதன் மூடியிலேயே ஒரு சீட்டு ஒட்டி வைக்கலாம்.